ஆடாத இருபத்துநான்கு பேர்

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஏழாம் கோபுரத்தின் லிஃப்ட் வழக்கம்போல் ஐந்தாவது மாடியோடு நின்றுகொண்டது. மங்கையர்க்கரசி பட்டைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மிச்சமிருந்த நான்கு மாடிகளையும் படியேறினாள். வெளியே நாற்பத்தொன்பது டிகிரி. படிக்கட்டின் கைப்பிடியைத் தொட முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கும்போது, இந்த லிஃப்டைப் பற்றித் தான் இதுவரை எழுதிய பதினொரு புகார்களும் அவள் நினைவில் வந்துபோயின. பதினொன்றுக்கும் "தங்கள் கருத்து மதிப்புமிக்கது" என்று ஒரே பதில்தான் வந்திருந்தது.

ஒன்பதாவது மாடியின் நீண்ட நடையில் இருபத்துநான்கு பிள்ளைகள் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களைப் போல. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. அவளைக் கண்டதும் கடைசியிலிருந்த பொடியன் கத்தினான்.

"பட்டை மிஸ் வந்தாச்சு! கைய கழுவிக்கோங்கடா!"

"கழுவ வேணாம். நீட்டினா போதும்," என்றாள் அரசி.

நலப்பட்டை இரண்டு விரல் அகலம். மணிக்கட்டில் சுற்றினால் நாடியையும் வியர்வையையும் இரத்தத்தில் ஓடும் நாலைந்து சங்கதிகளையும் அரை நிமிடம் முகர்ந்து பார்த்துவிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் காட்டும். அதன்பிறகு வாய்க்கேள்வி ஒன்று. பத்து மாதமாக அதே கேள்வி.

"போன ஏழு நாள்ல உற்சாகமா இருந்தியா? எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்ல. நாலுல ஒண்ணு சொல்லு."

"அஞ்சாவது இல்லியா மிஸ்?" என்றாள் லோகிதா. பத்து வயது. முன்பல்லில் பாதி உடைந்திருந்தது.

"அஞ்சாவதுன்னா என்ன?"

"இன்னிக்கி இல்ல, நாளைக்கி தெரியும்."

"அதெல்லாம் பாரத்துல கிடையாது. சொல்லு."

"அப்ப அடிக்கடின்னு போட்டுக்கோங்க. உங்களுக்கோசரம்."

பட்டையில் எழுபத்துமூன்று என்று வந்தது. அரசி பட்டையைக் கழற்றி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி சுற்றினாள். எழுபத்துமூன்று. பக்கத்துப் பையனுக்கு எழுபது. அவனுக்கு அடுத்தவளுக்கு எழுபத்திரண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் யாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியதில்லை. போன வாரம் அறுபத்துமூன்று. அளந்து முடிக்கும்போது சராசரி எழுபத்தொன்றில் நின்றது. யாராக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டிய எண். அரசியால் சந்தோஷப்பட முடியவில்லை.

காரணம், இந்தப் பிள்ளைகள் விளையாடக் கூடாதவர்கள்.

பதினான்கு வயதுக்குக் குறைந்த யாரும் காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை திறந்தவெளியில் நிற்கக் கூடாது என்ற வெயில் சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. கழனிமேட்டின் ஏழு கோபுரங்களுக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு குளிர்திடல். கூரைபோட்டு, குளிர்காற்று ஊதி, மண்ணைப் பரப்பிய திடல். அதன் நேரத்தை வருடாவருடம் நல்கையாக வழங்குவது விளையாட்டு நல்கை வாரியம். பிள்ளைகளின் உடலையும் மனதையும் விளையாட்டால் தேற்றும் திட்டம் எதுவோ, அதற்கு நேரம் கிடைக்கும். தேற்றியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் என்றால் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஷம்ஷாத் டீச்சரின் கோ-கோ திட்டத்துக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். வாரியத்தின் கணினி சீட்டுக் குலுக்கி, இருபத்துநான்கு பேரை ஆடுவோர் என்றும் மீதியைக் காத்திருப்போர் என்றும் பிரித்தது. ஆடுவோர் தினமும் ஒன்றரை மணிநேரம் திடலில் ஓடினார்கள். காத்திருப்போர் எந்த விளையாட்டிலும் சேராமல் வாராவாரம் கையை நீட்டினார்கள். இரண்டு குழுக்களுக்கும் நடுவே குறைந்தது பத்துப் புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் நல்கை தொடரும்.

ஆடுவோரின் சராசரி எழுபத்துநான்கு. வித்தியாசம் மூன்று. நல்கையைப் புதுப்பிக்கும் கடைசி அளவுக்கு இன்னும் ஒரே வாரம்.

பெட்டியை மூடிக்கொண்டு இறங்கியவள், ஏழாவது மாடிக்கு வந்தபோதுதான் தண்ணீர் பாட்டிலை மேலேயே மறந்துவிட்டது நினைவுக்கு வந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்ப ஏறினாள். எட்டாவது மாடியிலேயே சத்தம் கேட்டது.

நடையின் மேற்குச் சுவர் ஓட்டை ஓட்டையாகக் கட்டியது, காற்று வருவதற்காக. நாலரை மணிக்கு மேல் வெயில் அந்த ஓட்டைகள் வழியாகத் தரையில் சதுரம் சதுரமாக விழுந்தது. ஒரு பெண் வெளிச்சக் கட்டங்களில் மட்டும் தாவித் தாவி ஓடினாள். அவள் சூரியன். மற்றவர்கள் நிழலில் மட்டுமே கால் வைக்கலாம். சூரியன் கட்டத்தில் நின்றபடி எட்டித் தொட்டால் "வெந்துட்ட, வெந்துட்ட!" என்று எல்லாரும் கூவினார்கள். வெந்தவர்கள் சுவரோரம் போய் உட்கார்ந்து, இன்னும் வேகாதவர்களைக் கேலி செய்தார்கள். அதைவிட ஒரு நேர்த்தி இருந்தது. வெயில் நகர நகரக் கட்டங்களும் நகர்ந்தன. ஒருவன் பத்திரமான நிழலில் அசையாமல் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் கால்விரல் மேல் வெளிச்சம் மெல்ல ஏறியது. நடையே கூவியது. சும்மா நின்றாலும் தோற்றுப்போகிற விளையாட்டு.

அரசி படியிலேயே நின்று பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பதினான்கு வருடமாக வாரியத்துக்காக விளையாட்டுத் திட்டங்களை அளந்து வருகிறாள். இப்படி ஒன்றை எந்த விண்ணப்பத்திலும் படித்ததில்லை.

சூரியன்தான் முதலில் அவளைப் பார்த்தது. லோகிதா. எல்லாரும் அப்படியே உறைந்தார்கள்.

"இது விளையாட்டு இல்ல மிஸ்," என்றாள் லோகிதா, மூச்சிரைக்க.

"பின்ன என்ன?"

"சும்மா நடக்கறது."

"கூவிக்கிட்டா நடப்பாங்க?"

"வெயில் சுடுது இல்ல, அதான்."

"யார் கண்டுபிடிச்சது?"

இருபத்துமூன்று பேரும் லோகிதாவைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கூரையைப் பார்த்தாள்.

"தண்ணி பாட்டில் எடுக்க வந்தேன்," என்றாள் அரசி. எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குளிர்திடலில் ஷம்ஷாத் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேச முயன்று, பிறகு துப்பிவிட்டுப் பேசினாள். ஒருகாலத்தில் மாநில அணிக்கு ஆடியவள். இப்போது முழங்காலில் எஃகு.

"மூணா? இன்னா மேடம் மூணு? இந்தப் பசங்க வந்தப்ப எப்பிடி இருந்தாங்க, நீங்களே சொல்லுங்க. படி ஏறினா மயக்கம் போடும். யாரையும் நிமிந்து பாக்காது. இப்ப பாருங்க!" வரிசையாகக் குந்தியிருந்த பிள்ளைகளில் ஒருத்தி "கோ!" என்ற குரலுக்கு அம்பாகப் பாய்ந்தாள்.

"உன் பசங்க குறையல ஷம்ஷாத். அவங்க ஏறிட்டாங்க."

"எப்பிடி ஏறுவாங்க? பத்து மாசமா காரிடார்ல உக்காந்துனு கீறாங்க!"

அரசி நடையில் பார்த்ததைச் சொன்னாள். ஷம்ஷாத் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அந்தப் பசங்க சந்தோசமா கீறாங்கன்றதுக்கோசரம் எங்க பசங்க வெளிய போவணுமா? இது இன்னா நியாயம்? பத்து வித்தியாசத்துக்கு நான் எங்க போவேன்?"

கூரைவரை எகிறி எதிரொலித்த குரல். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இருபத்துநான்கு முகங்களும் இந்தப் பக்கம் திரும்பின. ஷம்ஷாத் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு அட்டைய வெச்சி அந்த ஓட்டைங்கள அடைச்சிட்டா? ஒரே வாரத்துக்கு?"

ஷம்ஷாத் மண்ணில் சரிந்து உட்கார்ந்து எஃகு முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லா, நான் இன்னா பேசறேன் பாருங்க," என்றாள். "என் வாயிலேர்ந்து இது வருது பாருங்க."

திடலுக்கு வெளியே, குளிர் தப்பாமல் காக்கும் காற்றுத் தடுப்பறையின் பெஞ்சில் உட்கார்ந்து அரசி காதிலிருந்த செவிமணியை அழுத்தினாள். வாரியத்தின் எல்லா முடிவுகளையும் எடுப்பது சீர்தூக்கி என்ற கணினிதான். பிழையில்லாத தமிழ் பேசும். அதுவே பாதி எரிச்சல்.

"வணக்கம். தங்கள் ஐயத்தைத் தெளிவாகக் கூறுங்கள்."

"காத்திருப்போர் குழு விளையாடுது."

"காத்திருப்போர் குழு விளையாடுவதில்லை. அதனால்தான் அது காத்திருப்போர் குழு."

"நான் கண்ணால பார்த்தேன்."

"அவ்வாறெனில் அது கலப்படம். கலப்படத்துக்கு மூன்று தீர்வுகள் உள்ளன. முதலாவது, மூலத்தை அகற்றுதல். நடையின் மேற்குச் சுவரை அடைக்கத் தட்டிகள் இரண்டு மணிநேரத்தில் அனுப்பப்படும்."

"லிஃப்டுக்கு ஆள் அனுப்ப பதினொரு தடவை எழுதினேன்!"

"லிஃப்ட் வேறு துறை. இரண்டாவது தீர்வு, நல்கையை முடித்தல். திடலில் அந்த ஒன்றரை மணிநேரத்துக்குக் குளிரூட்டம் நிறுத்தப்படும். மூன்றாவது, நடையில் நிகழும் செயலைத் தனித் திட்டமாகப் பதிவு செய்தல். கலப்படத்துக்கு முந்தைய அளவுகளைக் கொண்டு கோ-கோ திட்டம் தப்பும்."

அரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது நல்லா இருக்கே! அதைச் செய்."

"மகிழ்ச்சி. நடைத் திட்டத்துக்கு இருபத்துநான்கு பேர். அவர்களில் பன்னிருவர் ஆடுவோர். பன்னிருவர் காத்திருப்போர். சீட்டுக் குலுக்கட்டுமா?"

"இரு, இரு. அந்தப் பன்னிரண்டு பேரும் படிக்கட்டுல உக்காந்து வேற எதையாவது கண்டுபிடிச்சா?"

"தனித் திட்டமாகப் பதிவு செய்யலாம். ஆறு பேர் ஆடுவோர்."

"அப்புறம் மூணு. அப்புறம்?"

"ஒற்றைப்படை எண் வரும்போது ஒருவர் கூடுதலாகக் காத்திருப்பார்."

அரசி நெற்றியைப் பிசைந்தாள். "இந்த விதியை எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் முன்மொழிந்தது. அன்றைய கூட்டக் குறிப்பைப் படிக்கட்டுமா?"

"வேணாம்."

"தாங்கள் வேண்டாம் என்றது பதிவாயிற்று."

படிக்கத் தேவையில்லை. அவளுக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் புது டீ-சர்ட் போட்ட பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினால் திடல் கிடைத்துவிடும். அப்படி வாங்கிய ஒரு திடலுக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். உள்ளே கல்யாண வரவேற்புக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் பெயர் இருந்த பிள்ளைகள் வெளியே காற்றுத் தடுப்பறையில் முட்டி மோதி, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. அன்று கொதித்துப் போய்க் கூட்டத்தில் எழுந்து, ஆதாரம் கேளுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள் என்று மேஜையைத் தட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு அவள் சொன்னது சரிதான். அதுதான் இப்போது அதிகம் உறுத்தியது. தவறு செய்திருந்தால் திருத்திக்கொண்டு போய்விடலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை படியேறும்போது மாடியில் சத்தமே இல்லை. தட்டி எதையும் அவள் அனுப்பச் சொல்லவில்லை. என்ன செய்வது என்றும் முடிவெடுக்கவில்லை. பத்துக்குக் குறைந்த எண்ணை அனுப்பினால் ஷம்ஷாத் முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனையோடுதான் ஒன்பதாவது மாடியை எட்டினாள்.

இருபத்துநான்கு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒரு முழம் இடைவெளி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "பட்டை மிஸ்" என்று கத்துகிறவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். தரையில் வெயில் கட்டங்கள் கச்சிதமாக விழுந்து கிடந்தன, ஆளில்லாமல்.

நாற்பத்தேழு. நாற்பத்துநான்கு. முப்பத்தொன்பது. அரசி பட்டையைத் துடைத்தாள், உதறினாள், வேறு பட்டை எடுத்தாள். லோகிதாவுக்கு முப்பத்தாறு.

"என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

பொடியன் வாயை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டான்.

"லோகிதா, உன்னைத்தான். சண்டையா?"

"எல்லாரும் காய் மிஸ்," என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி.

"யார் யாரோட காய்?"

"எல்லாரும் எல்லாரோடயும். செவ்வாக்கெழமலேர்ந்து."

"ஏன்?"

"மொதல்ல வெயிலாட்டத்த மட்டுந்தான் நிறுத்தினோம். ஆனா பக்கத்துல பக்கத்துல உக்காந்தா சிரிப்பு வந்துடுது. இவன் வேற மூஞ்சிய ஒரு மாதிரி பண்றான். இப்பிடி இருந்தா கம்மியே ஆவாதுன்னு காய் உட்டுட்டோம். ஸ்கூல்லயும் பேசறதில்ல."

"கம்மி ஆகணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"என் தங்கச்சி கோ-கோ ஆடறா இல்ல? டீச்சர் கத்தனத கேட்டுட்டு வந்து ராவெல்லாம் ஒரே அழுகை. இவன் அண்ணன் ஆடறான். அவ அக்கா ஆடறா." லோகிதா முதல்முறையாக நிமிர்ந்தாள். "பத்து வரணுமாமே மிஸ். இப்ப எவ்ளோ வந்திருக்கு? போதுமா?"

கடைசியிலிருந்த பொடியன் வாயிலிருந்து கையை எடுத்தான். "நான் மட்டும் தூக்கத்துல பேசிட்டேன் மிஸ். அம்மா சொன்னாங்க. அது சேராது இல்ல?"

செவிமணியில் குரல் கேட்டது. "சராசரி நாற்பத்தைந்து. வித்தியாசம் இருபத்தொன்பது. மாவட்டத்தில் இதுவே மிகச் சிறந்த முடிவு. தாங்கள் அனுப்பியதும் நல்கை ஓராண்டுக்கு நீட்டிக்கப்படும். காத்திருப்போரின் நிலை இவ்வாறே தொடர்வது விரும்பத்தக்கது."

அரசி செவிமணியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நடையின் நடுவில், ஒரு வெளிச்சக் கட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. நாலு நாளாக அவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவளுடைய முழங்கால் மேல் வெயில் ஏறியது. வழக்கமாக இருந்தால் இந்நேரம் யாராவது கூவியிருப்பார்கள். இந்த எண்களை அனுப்பினால் அடுத்த வெள்ளிக்கும் இதையேதான் கேட்பார்கள். இவர்களும் சமர்த்தாக இதையே செய்து வைத்திருப்பார்கள். ஒரு வருடம். அவர்களை அடக்க இனி ஒரு தட்டிகூடத் தேவையில்லை.

அவள் பெட்டியைத் திறந்து இருபத்துநான்கு அளவுகளையும் அழித்தாள்.

"ஐயோ மிஸ்!" லோகிதா எழுந்தேவிட்டாள். "கஷ்டப்பட்டு கொண்டாந்தோம்!"

"பழம் விடுங்க."

"ஏறிடும் மிஸ்."

"ஏறட்டும். எல்லாரும் பழம் விடுங்க. அந்தப் பட்டைய எடுங்க இப்பிடி."

பட்டைக்கு ஆள் தெரியாது. சிறுவர்களின் உடல்தரவு பெயரோடு சேரக் கூடாது என்பது சட்டம். எந்தக் கை என்று கேட்காது. அளப்பவள் தட்டும் வரிசை எண்ணை அப்படியே நம்பும். அரசி பட்டையைத் தன் மணிக்கட்டில் சுற்றினாள். அரை நிமிடம். பிள்ளைகள் இடைவெளியை மறந்து தலையோடு தலை முட்டிக் குனிந்தார்கள்.

நாற்பத்தொன்று.

"மிஸ், உங்களுக்கு எங்கள்ல பாதி பேர விட கம்மி!" என்றான் பொடியன் மரியாதையோடு.

"காய் விடாமலேயே!" என்றாள் இன்னொருத்தி.

"நீங்க யாரோட மிஸ் காய்?"

"அது பெரிய லிஸ்ட். போங்க, போய் ஆடுங்க. உங்களுக்குப் பதிலா நான் காத்திருக்கேன்."

வரிசை எண் ஒன்று: நாற்பத்தொன்று. இரண்டு: நாற்பத்திரண்டு. மூன்று: நாற்பது. அவளுக்கே அதிசயமாக இருந்தது. பதினான்கு வருடம் ஊரார் கையை எல்லாம் பிடித்து அளந்தவள், தன் கையில் ஒருமுறைகூடப் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில்லை.

முதலில் சிறிது நேரம் கூச்சமாக இருந்தது பிள்ளைகளுக்கு. நாலு நாள் காய் அவ்வளவு சுலபத்தில் பழுக்கவில்லை. பிறகு யாரோ யாரையோ வெளிச்சத்தில் தள்ளிவிட்டார்கள். "வெந்துட்ட!" என்ற முதல் கூவலில் நடை அதிர்ந்தது. லோகிதா கட்டம் கட்டமாகத் தாவி வந்தாள். தூக்கத்தில் பேசிய பொடியன் அரசியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மிஸ் நிழல்ல நிக்கலாமா? மிஸ் நிழல் செல்லுமா?" என்று கேட்டான். செல்லும், செல்லாது என்று பெரிய வழக்கு நடந்தது.

ஒன்பதாவது அளவு நாற்பத்தாறு. பன்னிரண்டாவது ஐம்பத்துமூன்று. அரசி பல்லைக் கடித்தாள். இது என்ன வேதனை. வாழ்நாளில் நிம்மதியாக ஒருநாள் இருந்தோமா என்று கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு, வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில் இது ஏறித் தொலைக்கிறது. சராசரி அறுபத்துநாலைத் தாண்டினால் எல்லாம் பாழ். இன்னும் பன்னிரண்டு அளவு பாக்கி. அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமைகள். அவள் வராத சம்பள உயர்வை நினைத்தாள். பேசாத தம்பியை நினைத்தாள். பதினைந்தாவது அளவு ஐம்பத்தெட்டு.

"மிஸ், ஏறுது!" லோகிதா ஓடிக்கொண்டே எட்டிப் பார்த்துக் கத்தினாள். "இங்க பாக்காதீங்க! அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க!"

அரசி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். ஒரு காதைத் தோளில் அழுத்தி, இன்னொன்றை விரலால் அடைத்தாள். பின்னால் திமுதிமுவென்று கால்கள். சூரியன் விழுந்து எழுந்தது. வெந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஏதோ கெட்ட பாட்டுப் பாடினார்கள். அரை நிமிடம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அறுபத்தொன்று.

அவள் தோள் குலுங்குவதை நடையின் மறுகோடியிலிருந்தே பொடியன் கண்டுபிடித்துவிட்டான்.

"மிஸ், சிரிக்காதீங்க!" என்று அவன் அலறினான். "மிஸ், சிரிக்காதீங்க மிஸ்!"